தண்ணீர் கேட்காத வாசல்

எதிர்வீட்டு வாசலில் தண்ணீர் தெளிக்கிறார்கள். கரிசல் மண் நனைகிற வாசனை ஜன்னல் வழியாக வருகிறது. உன்னைத் திட்ட வேண்டும்போல் இருக்கிறது. எனக்கு முன்னால் போகச் சொல்லி உன்னிடம் யார் கேட்டார்கள்?

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு கோடை. குடிக்கிற தண்ணீருக்கே அருப்புக்கோட்டைத் தெருக்குழாயில் குடத்தோடு காத்துக் கிடந்தோம். வாசல் தெளிக்க எங்கே போவது? நான் வாங்கிப் போட்ட பழைய கம்ப்யூட்டரில் நீ கோலம் போட ஆரம்பித்தாய். மவுஸ் பிடிக்கச் சொல்லித்தர வந்த என் கையைத் தட்டிவிட்டு, நீயே புள்ளி வைத்துக் கோடு இழுத்தாய். "இது தண்ணி கேக்காத வாசலுங்க" என்று சிரித்தாய்.

நீ போன கொஞ்ச நாளில் அதன் ஹார்ட் டிஸ்க் டக் டக்கென்று முட்டத் தொடங்கியது. உன் கோலங்கள் வேறெங்கும் இல்லை. மதுரையில் ஒரு கடைக்காரன் காதருகே வைத்துக் கேட்டுவிட்டு, தூக்கிப் போடச் சொன்னான். அவனுக்கென்ன, சொல்லிவிட்டான். குளிர வைத்தால் கொஞ்ச நேரம் ஓடும் என்று ஏதோ பத்திரிகையில் படித்திருந்தேன். பாலிதீன் பையில் சுற்றி, நீ பூ வைக்கிற ஃபிரிட்ஜில், ஐஸ் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். எடுத்து மாட்டினால் ஓடியது. ஒன்றிரண்டு கோலங்கள் பிளாப்பிக்கு வருவதற்குள் சூடேறி நின்றுவிடும். மறுபடியும் ஃபிரிட்ஜ்.

திருச்சுழியிலிருந்து வந்த என் தங்கை திரையைப் பார்த்துப் பதறினாள். இறப்பு நடந்த வீட்டில் வருஷம் திரும்பும்வரை கோலம் கூடாதே.

"துக்க வீட்டுல கோலமாண்ணே? ஊரு என்ன பேசும்?"

"வாசல்லயா போட்டேன்? பெட்டிக்குள்ள கெடக்கு. அவ போட்டது. வேணும்னா கண்ண மூடிக்க."

மூடவில்லை. நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் நீ போட்ட கடைசிக் கோலம் வந்துகொண்டிருக்கும்போதே டிஸ்க் நின்றது. பிறகு எவ்வளவு குளிர வைத்தும் அசையவில்லை. அந்த வகைப் படம் கீழிருந்து மேலாகத்தான் ஏறும்; கீழ்ப்பாதி மட்டும் தெரிந்தது. மேலே வெறும் கறுப்பு.

"கோலத்த அரைகொறையா விடக்கூடாதுண்ணே. கீழ எப்பிடியோ மேலயும் அப்பிடித்தான. நீங்களே இழுத்து முடிச்சிருங்க" என்றாள்.

முடியாது என்றேன். இன்றைக்கும் முடியாதுதான்.

எனக்கும் மவுஸ் பிடிக்கத் தெரியும். உன் கோடு எந்தப் புள்ளியில் வளையும் என்பதும் தெரியும். எத்தனையோ கம்ப்யூட்டர் மாற்றிவிட்டேன். ஒவ்வொன்றிலும் முதலில் அந்தப் பாதியை ஏற்றிவிட்டுத்தான் மற்ற வேலை. மேல்பாதி அப்படியே கிடக்கிறது. உன் வேலையை நான் செய்வதாக இல்லை.