வருஷத்துக்கு இவ்வளவுதான்

மச்சான்,

இன்று ஆத்தூர் வெற்றிலையைப் பொதிந்து வந்த பேப்பரில் ஒரு செய்தி. ஓய்வுகாலச் சேமிப்பில் வருஷத்துக்குப் போடக்கூடிய உச்சவரம்பை உயர்த்தியிருக்கிறார்களாம். ஈரத்தில் பாதி எழுத்து கரைந்திருந்தது. மீதியைப் படித்ததும் உன்னிடம் சொல்லத் திரும்பினேன். நீ இல்லை.

எழுபதுகளில் நீ சங்கு குளித்தாய். வள்ளத்தில் உன் கயிற்றைப் பிடித்தவன் நான். தங்கையைக் கட்டியவன் கயிற்றை மச்சினன்தான் பிடிக்க வேண்டும் என்பது நம் வழக்கம். தங்கை தாலியை நினைத்தாவது அவன் கண் அசர மாட்டான். அதனால்தான் கூட்டுறவுச் சங்கத்து முதுமை நிதிப் புத்தகத்தையும் என்னிடமே தந்தாய். "கயிறு ஒங்கையில, இதுவும் ஒங்கையிலயே கெடக்கட்டும்."

ஒரு வருஷம் சங்கு நிறையக் கிடைத்தது. உனக்கு அப்போதே காதில் சீழ். இன்னும் இரண்டே பருவத்தில் குளிப்பதை விட்டுவிட நினைத்தாய். காசோடு சங்கத்துக்குப் போனேன். உன் வரம்பு முடிந்துவிட்டது, மீதியை ஏப்ரலில் கொண்டுவாரும் என்றார் எழுத்தர். எதற்கு வரம்பு என்று கேட்டேன். வசதிக்காரன் மொத்தமாகப் போட்டு வட்டியை அள்ளிவிடக் கூடாதாம். மூச்சடக்கி எடுத்த காசுக்கும் அதே அளவா? இன்றும் நான் ஒத்துக்கொள்ளவில்லை.

பள்ளிக்கூடம் போகாமலே படித்தவன் என்ற திமிர் எனக்கு. முத்தையாபுரம் கிளையில் உன் பெயரிலேயே இன்னொரு புத்தகம் போட்டேன். நீ சிரித்தாய். "ஒரு ஆளுக்கு ரெண்டு கயிறு கட்டுனா சிக்கிக்கிடும்லா, மச்சான்." ஏப்ரல் வரை பொறுக்கச் சொன்னாய். நான் கேட்கவில்லை. மறு வருஷத்து மிச்சத்தையும் அங்கேயே போட்டேன்.

கண்டுபிடித்துவிட்டார்கள். இரண்டாம் புத்தகத்துக்கு வட்டி கிடையாது, போட்ட பணம் மட்டும் திரும்பும் என்று கடிதம் வந்தது. அந்தக் குறையை ஈடுகட்ட நீ மேலும் இரண்டு பருவம் குளித்தாய். இடது காது முழுதும் போயிற்று. தங்கச்சி ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. நீ ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

ஒரு சாயங்காலம் கரையில் உன் இடப்பக்கம் உட்கார்ந்து, "தப்பு எம்மேலதான்" என்றேன். கேட்காத காது என்று தெரிந்துதான் சொன்னேன். நீ கடலையே பார்த்திருந்தாய். பிறகு என் சட்டை நுனியைச் சுருக்கென்று ஒருமுறை இழுத்தாய். மேலே தூக்கு என்று அடியிலிருந்து கயிற்றில் கொடுப்பாயே, அதே இழுப்பு.

சங்கத்தை நான் மன்னிக்கவில்லை. ஆனால் சட்டை எதிலாவது மாட்டி இழுபடும்போதெல்லாம், கை தானாக எழுந்து உன் கயிற்றைத் தேடுகிறது.