சைக்கிள்தானே

என் கண்ணு மகளுக்கு,

பினாங்கில் வேலை எப்படிப் போகிறது? அப்பா பேச்சை எடுத்தாலே போனை வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

போலீஸ் சோதனைக்குப் பயந்து அப்பா கார் சாவியை என்னிடமே கொடுத்திருந்தார். போன மாதம் கிள்ளானில் ஒரு கல்யாண விருந்துக்கு உன் பழைய சைக்கிளில் போனார். பீர் குடித்துவிட்டுத் திரும்பக் கிளம்பியபோது பக்கத்து வீட்டு மாமா தடுத்திருக்கிறார். "சைக்கிள்தானே லா, யார இடிக்கப் போறேன்?" என்றாராம்.

யாரையும் இடிக்கவில்லை. சாலையோர லோங்காங் சாக்கடையில் தலைகுப்புற விழுந்துவிட்டார்.

இப்போது வீட்டில்தான் இருக்கிறார். நடக்கிறார், சாப்பிடுகிறார். நான் சோறு போட்டால் "தேங்க்ஸ் அக்கா" என்கிறார். உன் பட்டமளிப்புப் படத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "நல்ல களையான பொண்ணு. யாரு வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டார். நான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன்.

நேற்று டாக்டர், "இனிமே குடிக்கவே கூடாது, அங்கிள்" என்றார். அப்பா கூச்சத்தோடு சிரித்தார். "எனக்கு அந்தப் பழக்கமே இல்லையே, டாக்டர்."

அவர் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே நினைவில்லை.

குடிக்காத அப்பாவோடுதான் பேசுவேன் என்று சொல்லிவிட்டுப் போனாய். வந்து பேசும்மா. நீ யார் என்று மட்டும் முதலில் சொல்லிவிடு.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா