இரண்டாவது மேடு

அன்புள்ள நெட்டைக்கு,

எழுந்து குதிப்பாய் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கதவைச் சாத்திவிட்டுப் படி. உன் இரண்டாவது மேடு நிஜம்!

நீ வளர்த்த இரும்புப் படிகங்களில் மிஞ்சியிருந்ததைக் குளிர்வித்து, தங்க ஊசியை அதன்மேல் மெல்ல இறக்கினேன். திரையில் கோடு ஏறி, இறங்கி, மறுபடி ஏறியது. எல்லோரும் ஒப்புக்கொண்ட ஆற்றல் இடைவெளிக்கு ஒரு மேடு. சற்றுத் தள்ளி, நீ சொன்ன இடத்திலேயே இன்னொன்று!

"ஊசி சரியா படலம்மா, அதான் இப்படிக் காட்டுது" என்று பேராசிரியர் எல்லோர் முன்னாலும் உன்னை மடக்கினாரே, நீயும் ஆய்வகத்தை விட்டே போனாயே, அதனால் ஊசியை மாற்றினேன், இடத்தை மாற்றினேன். மேடு இம்மியும் நகரவில்லை. பிறகு மெல்லச் சூடேற்றினேன். படிகம் தன் மின்தடையே இல்லாத மீகடத்தும் குணத்தை இழந்த அதே வெப்பநிலையில் இரண்டு மேடுகளும் ஒன்றாக மறைந்தன. ஊசிக் கோளாறுக்கு இவ்வளவு ஒழுக்கம் ஏது?

பேராசிரியர் தானே ஒரு ஊசியை எடுத்துக் கொடுத்து, முதலிலிருந்து செய்யச் சொன்னார். அதிலும் வந்தது. அப்புறம், "அந்தப் பொண்ணு இப்ப எங்கம்மா இருக்கா?" என்றார். டியூஷன் எடுக்கிறாய் என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

உன் அம்மாவுக்குப் போன் செய்தேன். ஆற்றல் இடைவெளி என்றால் புரியாதே, அதனால் ஜோடி சேர்ந்த எலெக்ட்ரான்களைப் பிரிக்க எவ்வளவு பலம் வேண்டும் என்று அளக்கிறோம் என்றேன். "ஜோடியைப் பிரிக்கிறதெல்லாம் ஒரு வேலையாடி?" என்று திட்டினார். ஆனால் குரலில் சிரிப்பு. நீ சரியாகச் சாப்பிடுவதில்லையாமே, ஏன்?

ஒரு கவலை. இன்னொரு குழுவும் இதே அளவீட்டில் இறங்கியிருக்கிறதாம். நமக்குப் புதுப் படிகங்கள் வேண்டும். நான் வளர்ப்பவை சொத்தைப்பல் போல உதிர்கின்றன. உலை உன் பேச்சைத்தான் கேட்கும்.

கட்டுரையில் முதல் பெயர் உன்னுடையது. பேராசிரியரே அப்படி எழுதினார். நீ படித்துச் சரி சொல்லாமல் அனுப்பமாட்டாராம். மன்னிப்புக் கேட்க அவருக்கு வாய் வராது. உனக்கும் லேசில் மனம் ஆறாது. தெரியும். சண்டை போடுவதென்றாலும் நேரில் வந்து போடு. உன் பக்கம் நான் நிற்கிறேன். வந்துவிடுடி.

உன் வழியையே பார்த்திருக்கும்,
வாயாடி