பதினான்கு காய்ச்சல் கடிதங்கள்

பாளையங்கோட்டை,
14.6.1998

சௌபாக்கியவதி மாதுரிக்கு,

1. இதை எழுதுபவன் சுப்பராமன், வயது அறுபத்தைந்து, முப்பத்தெட்டு ஆண்டுகளாக வழக்கறிஞர், உன் தந்தை.

2. நானும் உன் அம்மா ஜயலக்ஷ்மியும் ஈசுவர கிருபையால் சௌக்கியம். ஜாம்ஷெட்பூரில் நீயும் மாப்பிள்ளை வைத்தீஸ்வரனும் குழந்தை அபிஜித்தும் அவ்வாறே இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் மேலே எழுதுகிறேன்.

3. இக்கடிதத்தில் உன்னிடம் ஓர் அனுமதி கேட்கப் போகிறேன். முழுவதும் படித்த பின்பே பதில் சொல்ல வேண்டும்.

ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. அம்மாவின் முழங்கால் வலி முன்னைக்குக் குறைவு, ஆனால் மாடிப்படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்னதை அவள் கேட்பதாக இல்லை, நீ எழுதினால் கேட்பாள். நல்ல செய்தி இவ்வளவே. சென்ற ஒரு வாரமாக எனக்குச் சரியான உறக்கமில்லை, அதற்குக் காரணம் என் கையால் நான் எழுதிய ஒரு சொல். சீவலப்பேரி பஸ்ஸில் போய் இறங்கி நடக்க வேண்டிய ஒரு சிற்றூர். விசாரணை முடியாததால் ஊரின் பெயரைத் தவிர்க்கிறேன். அங்கே செல்லக்கிளி என்ற அம்மாள், வயல் வேலை செய்பவர், அறிவொளி வகுப்பில் எழுத்துக் கற்றவர், தொண்ணூற்றாறில் பெண்களுக்கென்று ஒதுக்கிய வார்டில் நின்று ஊராட்சி உறுப்பினர் ஆனார். அவர் பெயரை இங்கே எழுத அவரிடமே கேட்டுக்கொண்டேன். பதவிக்கு வந்த நாள்முதல் அவர் கேட்பது ஒன்றுதான்: ஊர்ப் பள்ளியில் பெண் பிள்ளைகளுக்குக் கதவும் தண்ணீரும் உள்ள ஒரு கழிப்பறை. அது இல்லாததால் வயதுக்கு வந்த பிள்ளைகள் ஆறாம் வகுப்போடும் ஏழாம் வகுப்போடும் நின்றுவிடுகிறார்கள். தலைவர் சிவசண்முகத்துக்கோ ஊர் முகப்பில் ஓர் அலங்கார வளைவும் அதில் தம் தகப்பனார் பெயரும் வேண்டும்.

இவ்வாண்டு தொடக்கத்தில் ஊராட்சி அலுவலகம் ஒழுகுகிறது என்று கூட்டங்களைக் கோயில் மண்டபத்துக்கு மாற்றினார்கள். அவ்வூரில் ஒரு வழக்கம் உண்டு. குடிநீர்க் குழாய் கோயில் வாசலில் இருப்பதால், விலக்கான பெண்கள் அந்த மூன்று நாளும் அதைத் தொடாமல் குடத்துடன் ஆற்றின் கீழ்த்துறைக்குப் போவார்கள். யாருக்கு எப்போது என்பது ஊரில் எவருக்கும் இரகசியமன்று, ஆனால் எவரும் அதை வாயால் சொல்வதுமில்லை. பிப்ரவரி 12, மார்ச் 12, ஏப்ரல் 9, மே 7 ஆகிய நான்கு நாள்களில் கூட்டம் நடந்தது. நான்கிலும் செல்லக்கிளி மண்டபப் படி ஏறவில்லை. தொடர்ந்து வராத உறுப்பினரின் பதவியை ஏன் பறிக்கக் கூடாது என்று அவருக்கு அறிவிப்பு வந்தது. அந்த நாள்களைக் காலண்டரில் குறித்துப் பார்த்தேன். எல்லாம் வியாழக்கிழமை. இரண்டாம் வியாழன் நல்ல நாள் என்று வைத்தோம் என்கிறார் தலைவர். அப்படியானால் மே மாதக் கூட்டம் பதினான்காம் தேதி நடந்திருக்க வேண்டும், ஏழாம் தேதி நடந்தது. ஒவ்வொன்றுக்கும் இடையே சரியாக இருபத்தெட்டு நாள். கீழ்த்துறைக்குப் போகும் குடத்தைப் பார்த்து ஒருவர் கணக்கு வைத்திருக்கிறார் என்று நான் கருதுகிறேன், அதை என்னால் நிரூபிக்க இயலாது.

செல்லக்கிளி என் அலுவலகத்துக்கு வந்தபோது ஒளிவு மறைவு இல்லாமல்தான் சொன்னார். "அய்யா, நான் வீட்டுக்குத் தூரமா இருக்கையில பாத்துத்தான் கூட்டம் போடுதாவ. கோயில் படியில எப்படி ஏறுவேன்? ஏறுனா அதுக்கும் ஒரு பஞ்சாயத்து வைப்பாவளே" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு, சரி அம்மா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பதில் மனுவில், தக்க காரணம் என்ற இடத்தில், "உடல்நலக் குறைவால் கலந்துகொள்ள இயலவில்லை" என்று எழுதினேன். அவரைக் கேட்கவில்லை. எழுதியதைப் படித்துக் காட்டவும் இல்லை. என்னை நம்பி ஒப்பமிட்டார். கண்ணியமாக எழுதியதாகவே அப்போது நினைத்தேன்.

சென்ற திங்களன்று விசாரணை. அதிகாரி மருத்துவச் சான்று கேட்டார், இல்லை. சிவசண்முகம் ஒரு நிலச் சொந்தக்காரரை எழுப்பி நிறுத்தினார். பிப்ரவரி 12 அன்றும் மார்ச் 12 அன்றும் தம் வயலில் செல்லக்கிளி பொழுது சாயும்வரை கதிர் அறுத்ததாக அவர் சொன்னார். அது உண்மை. வயலில் இறங்கத் தடையில்லை, மண்டபத்தில் ஏறத்தான் தடை. ஆனால் என் மனு அவரைச் சீக்காளி என்கிறது. "அறுப்பு அறுக்க வலு இருக்கு, கூட்டத்துல வந்து உக்காரத்தான் சீக்கா வே?" என்று சிவசண்முகம் கேட்டதும் அறை முழுவதும் சிரித்தது. பொய் மனு தந்தவர் என்று குறிப்பு எழுதாமல் விட அதிகாரியிடம் மன்றாடி, 29ஆம் தேதி வரை தவணை வாங்கினேன். வெளியே வேப்பமரத்தடியில் செல்லக்கிளி என்னை நிறுத்தி, "நான் என்னைக்கு அய்யா உங்ககிட்ட சீக்குன்னு சொன்னேன்? என் ஒடம்புல ஒரு கொறையும் இல்ல. சொல்ல வெக்கப்பட வேண்டியவ நான், நானே சொல்லிட்டேன். எழுத உங்களுக்கு என்ன வெக்கம்?" என்று கேட்டார். எந்த நீதிபதியும் என்னை அப்படி நிறுத்தியதில்லை.

புதிய மனு எழுதினேன். மூன்று நாள் தாளைக் கிழித்துப் போட்டேன். தட்டச்சு செய்யும் யூனிஸிடம் வாயால் சொல்ல முடியாமல் எழுதிக் கொடுத்தேன். அவள் படித்துவிட்டு, "இம்புட்டுத்தானா ஸார்? இதுக்கா மூணு நாளு?" என்று சொல்லி ஐந்து நிமிடத்தில் அடித்துக் கொடுத்துவிட்டாள். நீதிமன்றத்தில் செய்தி பரவிவிட்டது, வக்கீல்கள் அறையில் ஒருவர், "அண்ணாச்சி, அடுத்த கூட்டம் என்னைக்கு, காலண்டர் பாத்துச் சொல்லுங்க" என்றார். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் முதல் மனுவுக்கு மாறாக இரண்டாம் மனு சொன்னால், தப்பித்துக்கொள்ள இப்போது கதை கட்டுகிறார் என்பார்களே, அதற்கு என்ன செய்வது என்று வீட்டில் புலம்பினேன். உன் அம்மா, "ஏன்னா, பொய் சொன்னது அவ இல்லை, நீங்க. அதைச் சொல்லுங்கோ. உங்களுக்கு இது ஒண்ணும் புதுசு இல்லையே" என்று சொல்லிவிட்டு, கூடாதென்ற மாடிப்படியில் ஏறி ஒரு பழைய கோப்பை எடுத்து வந்தாள்.

எந்தக் கடிதத்துக்கும் நகல் வைத்துக்கொள்பவன் நான் என்பது உனக்குத் தெரியும். நீ பத்தாம், பதினொன்றாம் வகுப்புகள் படித்த காலத்தில் உன் பள்ளிக்கு நான் எழுதிய விடுப்புக் கடிதங்கள், மொத்தம் பதினான்கு. பதினான்கிலும் "காய்ச்சல்". நம் வீட்டுக் கொல்லை அறையில் உன்னை உட்கார வைத்த நாள்கள் அவை. தேதிகளைப் பார்த்தேன்: இருபத்தெட்டு, இருபத்தொன்பது, இருபத்தெட்டு. இன்னொன்றையும் இன்று சொல்லிவிடுகிறேன். தலைமையாசிரியை சாரம்மாள் ஒருமுறை என்னை அழைத்து, "ஸார், பிள்ளைக்கு மாசந்தவறாம காய்ச்சல் வருதே, பெரிய ஆஸ்பத்திரியில காட்டினீங்களா?" என்று கேட்டார். நான் உண்மையைச் சொல்ல அவர் காத்திருந்தார் என்று இப்போது தோன்றுகிறது. பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அந்த ஆண்டு மதுரைக் கணிதப் போட்டிக்கு உனக்குப் பதிலாக ரீபாவை அனுப்பினார்கள். உன் கணக்குக் குறைவென்று நீ இரண்டு நாள் அழுதாய். கணக்கில் குறையில்லை, மாதுரி. நோயாளிப் பிள்ளையை வெளியூர் அனுப்ப அஞ்சினார்கள். காரணம் எனக்குத் தெரியும். வாய் திறக்கவில்லை.

நான் கேட்கும் அனுமதி இதுதான். முதல் மனுவின் பொய் என்னுடையது, என் கட்சிக்காரருடையது அன்று என்று என் பெயரிலேயே ஒரு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்யப் போகிறேன். இப்படி எழுதுவது என் நெடுநாள் பழக்கம் என்பதற்கு அந்தப் பதினான்கு நகல்களையும் இணைக்க விரும்புகிறேன். இணைத்தால் உன் பெயரும் அந்தத் தேதிகளும் அரசுக் கோப்பில் என்றும் இருக்கும், ஊரில் பேசுவார்கள், உன் புகுந்த வீட்டார் காதிலும் விழலாம். சம்மதமானால் "சம்மதம்" என்றும் இல்லையானால் "வேண்டாம்" என்றும் 26ஆம் தேதிக்குள் தந்தி கொடு. இரண்டுக்கும் காரணம் கேட்க மாட்டேன். தந்தி வராவிட்டால் வேண்டாம் என்றே கொள்வேன், நகல்கள் இல்லாமல் என் பத்திரத்தை மட்டும் தாக்கல் செய்வேன். அதனால் அந்த அம்மாளின் பதவி போனால் அது என் பிழையே, உன்னுடையது அன்று. இரண்டு பெண்களுக்காக அவர்களைக் கேட்காமலே எழுதியவன், இம்முறை கேட்டுவிட்டு எழுத வேண்டும்.

அபிஜித்தைக் கோடை வெயிலில் விளையாட விடாதே. அம்மாவுக்கு மாடிப்படி பற்றி மறவாமல் எழுது. நீங்கள் மூவரும் நிறைந்த ஆயுளோடும் ஆரோக்கியத்தோடும் வாழ எங்கள் ஆசிகள்.

இதில் கண்டவை யாவும் நான் அறிந்தவரை உண்மை. உனக்கு அந்தப் பதினான்கு முறையும் காய்ச்சல் இல்லை.

(ஒப்பம்) சுப்பராமன்

சாட்சிகள்:

1. ஜயலக்ஷ்மி, உன் அம்மா

2. செல்லக்கிளி, ஊராட்சி வார்டு உறுப்பினர் (இம்முறை முழுவதும் தாமே படித்துப் பார்த்து ஒப்பமிட்டது; ஒரு மணி நேரம் ஆயிற்று, காத்திருந்தேன்)