முடியளவு குழாய்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? அம்மாவிடம் சொல்வதுபோல "ஒண்ணுமில்ல" என்று எழுதாதீர்கள்.

இன்று தலைமுடி அளவே பருமனுள்ள செயற்கை ரத்தக்குழாய் ஒன்றை ஆய்வகத்தில் முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் அச்சிட்டோம். இரண்டு கரைசல்கள் சேரும் இடத்தில் சுவர் தானாகவே உருவாகும். நாம் தொடக் கூடாது. பிளம்பர் பெற்ற மகள் சும்மா இருப்பேனா? இணைப்பை அழுத்திப் பார்த்து இருமுறை கிழித்துவிட்டேன்.

"கையக் கட்டிக்கிட்டு நில்லும்மா!" என்று கத்தினார் பேராசிரியர். நின்றேன். குழாய் தானாகவே கூடிக்கொண்டது. பிறகு ஒழுகுகிறதா என்று பார்க்க நீங்கள் செய்வதுபோல அடியில் தாள் விரித்து, உள்ளே சிவப்பு நீர் விட்டேன். தாளில் ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை! பேராசிரியர் குதித்தே விட்டார்.

"தாள் விரிக்க யாரு சொல்லிக் குடுத்தா?"

"எங்கப்பா."

மேசை துடைக்க உங்கள் பழைய வேலைச் சட்டை ஒன்று அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார். அந்தத் தாளையும் இதோடு வைத்திருக்கிறேன். ஓரத்தில் ஈரத்தடம் தெரியும். ஒழுகியது குழாய் இல்லை அப்பா, உங்கள் மகள்தான்.