கோபம் வராத தீர்ப்பு

அன்புள்ள நவாலுக்கு,

உனக்கும் உம்மாவுக்கும் ஸலாம். உம்மாவின் முட்டுவலி எப்படி இருக்கிறது? எனக்கு ஒரு குறையுமில்லை.

நீதிமன்றத்தில் ஒரு வேடிக்கை. காஜி கோபத்தில் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது மார்க்கச் சட்டம். எங்கள் காஜியும் கோபம் வந்தால் வழக்கைத் தள்ளிவைத்துவிடுவார். அந்த இடைவெளியில் எத்தனையோ தம்பதிகள் சமாதானமாகியிருக்கிறார்கள். இப்போது தீர்ப்பைச் செயற்கை நுண்ணறிவு எழுதுகிறது, அவர் கையெழுத்துப் போடுகிறார்.

நேற்று மணவிலக்குக் கேட்டு வந்த பெண்ணும் கணவனும் அவர் முன்னாலேயே கத்திக்கொண்டார்கள். காஜியின் முகம் சிவந்துவிட்டது.

“தள்ளிவைச்சிடலாமே, ஷேக்” என்றேன்.

“எனக்குக் கோபந்தான், பாபிகர். எழுதினது நான் இல்லையே. அதுக்குக் கோபமே வராது. என்ன காரணம் சொல்லித் தள்ளிவைக்க?”

கையெழுத்துப் போட்டுவிட்டார். வெளியே அந்தப் பெண் பழக்கத்தில் கணவனின் காரை நோக்கிப் போய்க் கதவைத் திறந்தாள். பிறகுதான் நினைவு வந்து அப்படியே நின்றாள். நான் கோப்புகளோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

கஸ்ஸலாவிலிருந்து இங்கே வரும் யாரிடமாவது வெண்டைக்காய்ப் பொடி கொடுத்தனுப்பு. என் பழைய போர்வையையும்.

பாங்கு சொல்லிவிட்டார்கள், முடிக்கிறேன். போன வாரம் போனில், “தலாக் சொல்லி என்னை விட்டுடுங்க” என்றாயே. கோபம் ஆறிய பிறகு இன்னொரு தடவை சொல். அதுவரை அது என் காதில் விழவில்லை.

பாபிகர்