அம்மா கதையைக் கெடுத்துவிட்டாள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் சொல்ல வேண்டியதை ஏன் காகிதத்தில் எழுதுகிறார் என்று பயந்துவிடாதே. நல்ல செய்திதான். ஆனால் போனில் பேசினால் அம்மா காதில் விழும். அவளுக்குத் தெரியாமல் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அதைக் கடைசியில் சொல்கிறேன். மத்தியானத்துக்கு மேல் உன் தம்பிதான் கடையில் இருக்கிறான். ஃபேன் வாங்க வந்தவரிடம் பேசிப் பேசியே அவரைக் கிளப்பிவிடுகிறான். அது தனிக் கதை.

நீ படித்துவிட்டு அனுப்பிய நாவல் வந்தது. நல்ல நாவலாகப் பார்த்து அனுப்பினாய் போ! படுக்கையில் கிடக்கும் மனைவி, முதல் மனைவியைப் பறிகொடுத்துவிட்டு இவளுக்குத் தினமும் பால் கொண்டுவந்து கொடுக்கும் கணவன், அந்தப் பாலில் எதையோ கலக்கிறானோ என்ற சந்தேகம். பக்கவாதம் வந்து படுத்திருப்பவளுக்குப் பால் ஆற்றிக் கொடுக்கிற நான் இதை அவளுக்கே வாசித்துக் காட்ட வேண்டுமாம்! நாலாவது அத்தியாயம் முடிந்ததும் டம்ளரை நீட்டினேன். டம்ளரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், நல்ல கையால் அதை என் பக்கமே தள்ளினாள். நான் ஒரு வாய் குடித்துக் காட்டிய பிறகுதான் வாங்கிக்கொண்டாள். அப்புறம் சிரித்தாள். வாய் ஒரு பக்கம் கோணினாலும் சிரிப்பு சிரிப்புதான்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண்தான், அவங்களுக்குப் பிடிச்சதை வாசிச்சுக் காட்டுங்க என்றாள். அம்மாவுக்குப் பிடித்தது என்ன? மர்மக் கதை. பாதியிலேயே முடிவைக் கண்டுபிடித்து நம் எல்லாருக்கும் சொல்லிக் கெடுப்பது. அவள் கண்ணில் படாமல் புத்தகத்தை ஒளித்துவைத்த வீடு இது. நான் விலைப்பட்டியலைத் தவிர வேறெதை வாசித்தேன்? கொலை நடக்கிற இடத்தையும் ட்யூப்லைட் விலை சொல்கிற குரலில்தான் வாசித்தேன். ஆனாலும் சாப்பாடு முடிந்தால் எனக்கே கை பரபரக்கும். ஒவ்வொரு அத்தியாயம் முடிகிற இடத்திலும் எழுதியவர் ஒரு குண்டைத் தூக்கிப் போடுகிறாரே! கணவன்தான் என்று நினைத்தேன். அப்புறம் அவன் அண்ணன். ஒரு கட்டத்தில் அந்த மனைவியே நடிக்கிறாளோ என்று தோன்றியது. கடையில் ஒருவர் ஹோல்டர் கேட்க, யோசனையில் ஃப்யூஸை எடுத்துக் கொடுத்தேன்.

அம்மாவின் பேச்சு எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியும். தண்ணீர் கேட்க நினைப்பாள், சாவி என்று வரும். வராத வார்த்தையோடு மல்லுக்கட்டிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். போனை அவள் காதில் வைத்தால் நீ அழுகிறாய். இப்போதெல்லாம் என்னோடு மட்டும் பேசிவிட்டு வைத்துவிடுகிறாய். நான் குறை சொல்லவில்லை. இனி கோர்வையாகப் பேசுவது சந்தேகம்தான் என்று பெரிய டாக்டர் சொன்னபோது நானும் மருந்துச் சீட்டை அங்கேயே விட்டுவிட்டு வந்தவன்தான்.

வியாழக்கிழமை கதை பாதியைத் தாண்டியிருந்தது. அந்த வீட்டுக்குப் புதிதாக ஒரு நர்ஸ் வருகிறாளே, தங்கமான பெண், அந்த இடம். வந்த முதல் ராத்திரியே இருட்டில் மனைவி அலறுகிறாள், நர்ஸ் ஓடிவந்து விளக்கைப் போடுகிறாள். நான் பாட்டுக்கு வாசித்துக்கொண்டே போனேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவதான் என்றாள். எவள் என்றேன். மூச்சு வாங்கிக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துவைத்தாள். நர்ஸ்தான் அவனோட மொதல் பொண்டாட்டி, அவ சாகல, என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்டேன். இருட்டுல தேடாம ஸ்விட்சப் போட்டாளே, அவ இருந்த வீடுதானே அது, என்றாள்.

ஒரு வார்த்தை மாறவில்லை! காலமெல்லாம் ஸ்விட்ச் விற்கிறவன் நான், எனக்கு அது தோன்றவே இல்லை. புத்தகத்தை மூடிவிட்டு ஓவென்று அழுதேன். கதையைக் கெடுத்துவிட்டாள் என்று அழுகிறேனாக்கும் என்று நினைத்துக்கொண்டு, படிங்க படிங்க என்று அதட்டினாள்.

மறுநாள் முடித்தோம். அவள் சொன்னதுதான். கணவனும் கூட்டுக் களவாணி என்று வந்ததால் எனக்கும் பாதி மார்க் வேண்டும் என்றேன். கிடையாது என்றாள். பயிற்சிப் பெண் தானும் படிக்கலாம் என்றிருந்தாளாம், போச்சு. தம்பிக்குச் சொல்லியாகிவிட்டது. பக்கத்து வீட்டு டெய்லர் தையலைப் போட்டுவிட்டு வந்து கேட்டுவிட்டுப் போனார். அவளுக்குப் பேச்சு இன்னும் தடுக்கிறது. நேற்று நர்ஸ் என்பதற்குக் குடை என்றாள். ஆனால் சுவர்ப்பக்கம் திரும்பவில்லை, தானே திருத்திக்கொண்டாள்.

இனி பாக்கி நீ ஒருத்திதான். நீ அதைப் படித்தவள் என்று அவளுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை போன் செய், அம்மாவிடம் கொடுங்கள் என்று கேள். வார்த்தை வரத் தாமதமானால் எடுத்துக் கொடுக்காதே, காத்திரு. சின்ன வயதில் காதைப் பொத்திக்கொண்டு, சொல்லாதம்மா சொல்லாதம்மா என்று வீடெல்லாம் ஓடுவாயே, அதே மாதிரி கத்து. நீயும் மாப்பிள்ளையும் குறைவில்லாமல் இருக்க வேண்டும். அழுகை வந்தால் அழுதுகொள், கண்ணு. கதை கெட்டுப்போனதற்குத்தான் அழுகிறாய் என்று அவள் நினைத்துக்கொள்ளட்டும்.

கதை கெட்டுப்போன சந்தோஷத்தில்,
உன் அப்பா